"தலையிலேர்ந்து கையை எடு" என்று சொல்லி இது நிற்காது

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள், ஆசிரியர்கள், பார்லர் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

தன் தலைமுடியைத் தானே பிடுங்கிக்கொள்ளும் பிரச்சினை பற்றி எழுதுகிறேன். "இப்படியெல்லாமா ஒரு வியாதி இருக்கு?" என்று கேட்பவர்களும் படிக்கலாம். "ஐயோ, இது என்னைப் பத்தினது" என்று நெஞ்சு படபடக்கிறவர்கள் நிதானமாகப் படியுங்கள். இதை எழுதுவதே முக்கியமாக உங்களுக்காகத்தான்.

2/
அரசு மருத்துவமனை ஓ.பி.க்கு இந்தப் பிரச்சினை எப்படி வரும் தெரியுமா? "நான் முடியைப் பிடுங்குறேன்" என்று யாரும் வருவதில்லை. அம்மாதான் பேசுவார். "புழுவெட்டு டாக்டர். ஆறு மாசமா சின்ன வெங்காயம் தேய்க்கிறேன், கேக்கவே இல்ல." பக்கத்தில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பெண் நிற்கும். தலையில் துப்பட்டா, பார்வை தரையில்.

இது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கதை இல்லை. பார்த்த பலரைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். எல்லாருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. முடி எப்படிப் போனது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் பயம்.

3/
முதலில் ஒரு சின்ன வேறுபாடு. தலையில் திட்டுத் திட்டாக முடி போவதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

புழுவெட்டு: திட்டு வழுவழுவென்று இருக்கும், கோலிக்குண்டைத் தொட்ட மாதிரி. பெயர்தான் புழுவெட்டு, இதில் புழுவும் கிடையாது பூச்சியும் கிடையாது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது.

தலையில் வரும் படை: பூஞ்சைத் தொற்று. செதில் உரியும், அரிக்கும், மற்ற பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

பிடுங்குவதால் வரும் திட்டு: ஓரம் ஒழுங்காக இருக்காது. உள்ளே தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். ஒரு முடி அரை சென்டிமீட்டர், இன்னொன்று ஒரு சென்டிமீட்டர் என்று ஆளுக்கொரு உயரத்தில் உடைந்து நிற்கும். பல நேரம் உச்சியிலோ, கை எளிதில் எட்டும் பக்கத்திலோ இருக்கும்.

இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மூன்றில் எதற்கும் ஆறு மாத வெங்காயம் தேவையில்லை.

4/
இதற்கு மருத்துவப் பெயர் ட்ரிக்கோடில்லோமேனியா. கிரேக்க மொழியில் 'முடி', 'பிடுங்குதல்', 'வெறி' ஆகிய மூன்று சொற்களை ஒட்டவைத்து, 1889இல் ஹாலோப்போ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் வைத்த பெயர். அவர் விவரித்த நோயாளி ஓர் இளைஞர், பெண் அல்ல. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வெளிநாடுகளில் இதைச் சுருக்கமாக 'ட்ரிக்' என்பார்கள். நம்ம திருச்சிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

'வெறி' என்ற அந்தக் கடைசிச் சொல்தான் பெரிய அநியாயம். இது வெறியும் இல்லை, பைத்தியமும் இல்லை. 1987இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் சேர்ந்தது. 2013இல் அதே பட்டியலில் ஓ.சி.டி.யும் அதைச் சார்ந்த பிரச்சினைகளும் உள்ள பிரிவுக்கு மாற்றினார்கள். நகம் கடிப்பது, தோலைக் கிள்ளிக்கொண்டே இருப்பது எல்லாம் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

5/
"அபூர்வமான வியாதியா டாக்டர்?" இல்லை. 100 பேரில் ஒருவர் முதல் இருவர் வரை என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் திருச்சி மாவட்டத்தில் 27 லட்சம் பேருக்கு மேல். நூற்றுக்கு ஒன்று என்றே வைத்தாலும் 27 ஆயிரம் பேர்.

இத்தனை பேர் எங்கே? நம் கண்ணில் படுவதில்லை. முந்தானைக்குள், தொப்பிக்குள், பூவுக்குள், மை வைத்து வரைந்த புருவத்துக்குள் இருக்கிறார்கள்.

பெரும்பாலும் 10 முதல் 13 வயதில் தொடங்கும். பெரியவர்களில் பெண்களே அதிகம் சிகிச்சைக்கு வருகிறார்கள். ஆண்களுக்கு வராது என்று அர்த்தம் இல்லை. தாடியையும் மீசையையும் பிடுங்கினால் "யோசிக்கிறான்" என்று விட்டுவிடுகிறோம், மண்டை வழுக்கையானால் "பரம்பரை" என்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

6/
உள்ளே என்ன நடக்கிறது? இரண்டு விதம்.

ஒன்று, தெரியாமல் நடப்பது. படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, போன் நோண்டும்போது கை தானாக மேலே போகும். கீழே பார்த்தால் புத்தகத்தின் மேல் இருபது முடி கிடக்கும். எப்போது பிடுங்கினோம் என்றே தெரியாது.

இரண்டு, தெரிந்தே நடப்பது. தலையில் ஓர் இடத்தில் குறுகுறுக்கும். அல்லது மனதுக்குள் ஓர் இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். விரல் தேடும். சுருண்டு முரடாக இருக்கிற 'அந்த' ஒரு முடியைத் தேடும். பிடுங்கியதும் ஒரு நிம்மதி. பலருக்கு வலியே தெரியாது. சிலர் அந்த முடியை உருட்டுவார்கள், வேரைப் பார்ப்பார்கள், உதட்டில் தடவுவார்கள், கடிப்பார்கள்.

நிம்மதி சில நொடிதான். அடுத்து கண்ணாடி, அப்புறம் குற்றவுணர்ச்சி, அதிலிருந்து மறுபடி இறுக்கம், கை மறுபடி தலைக்கு. இந்தச் சக்கரம்தான் நோய்.

7/
இப்போது என் கருத்துக்கு வருகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

இந்த நோயில் முடி போவதை விட மோசமான சேதத்தைச் செய்வது, சுற்றி இருக்கும் நாம்தான். "கையை எடு." "வெக்கமா இல்ல?" "இப்படியே போனா உன்ன யார் கட்டிக்குவா?" இந்த மூன்று வாக்கியங்களும் மேலே சொன்ன சக்கரத்துக்கு எண்ணெய் ஊற்றுகின்றன. இறுக்கத்தால் பிடுங்குகிற பிள்ளையைத் திட்டினால் இறுக்கம் கூடும். இறுக்கம் கூடினால் கை எங்கே போகும்? நீங்களே சொல்லுங்கள்.

திட்டியபின் ஹாலில் பிடுங்குவது நிற்கும், பாத்ரூமில் தொடங்கும். "இப்பல்லாம் பண்றதில்ல டாக்டர், திட்டி நிறுத்திட்டேன்" என்று அம்மா சொல்லும்போது திட்டின் அளவு பெரிதாகியிருக்கும்.

8/
"அப்ப கண்டிக்கவே கூடாதா? அடம் பிடிக்கிற புள்ளைய அப்படியே விட்டுடணுமா?"

நியாயமான கேள்வி. கண்டிப்பு எங்கே வேலை செய்யும்? பிள்ளை ஒரு காரியத்தை விரும்பிச் செய்யும்போது. வீட்டுப்பாடம் எழுதாமல் விளையாடப் போனால் கண்டியுங்கள். இங்கே அந்தப் பிள்ளை நிறுத்தத்தான் விரும்புகிறது. "இன்னைக்கு ஒண்ணு கூட பிடுங்க மாட்டேன்" என்று தனக்குத் தானே எத்தனை முறை சத்தியம் செய்திருக்கும், உங்களுக்குத் தெரியாது. தும்மலை அடக்கச் சொல்லி யாரையும் அடிக்க மாட்டோம் இல்லையா? இது தும்மல் அளவுக்குக் கைமீறியது இல்லை, பயிற்சியால் குறைக்கலாம். அந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுக்காமல் பலனை மட்டும் கேட்பதுதான் தப்பு என்கிறேன்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளில் சிலர், தூக்கம் வரும்போது விரல் சூப்பிக்கொண்டே முடியை இழுப்பார்கள். பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு, பெரிசுபடுத்தாமல் கவனித்தால் போதும்.

9/
அடுத்து, நம்ம ஊர் வைத்தியம். மொட்டை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சமயபுரம் பஸ்ஸில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் வந்து இறங்கும். அப்பா மொட்டை, அம்மா மொட்டை, இடுப்பில் இருக்கும் குழந்தையும் மொட்டை. யாராவது திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறோமா? இல்லை. "வேண்டுதல் முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறோம். முழுத் தலையிலும் முடி இல்லாத ஒரு பெண்ணை இவ்வளவு இயல்பாகப் பார்க்கத் தெரிந்த ஊர் இது.

அதே சத்திரத்தில் ஸ்ரீரங்கம் போக 1ஆம் நம்பர் பஸ் ஏறும் ஒரு பெண்ணுக்கு, உள்ளங்கை அளவு முடி இல்லை. பாலம் தாண்டும்போது ஆற்றுக்காற்று அடிக்கும். எல்லாரும் ஜன்னலோர சீட்டுக்கு அலைவார்கள், அவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். துப்பட்டா பறந்துவிடுமே.

முடி இல்லாததுதான் அவமானம் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே அவமானம் இருக்க வேண்டும். இல்லையே! அப்படியென்றால் அவமானம் முடியில் இல்லை. "இவ தானே பண்ணிக்கிட்டா" என்ற நம் பார்வையில் இருக்கிறது.

10/
வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை. உங்கள் நம்பிக்கை உங்களுடையது. ஆனால் மருத்துவராக ஒன்றைச் சொல்ல வேண்டும். மொட்டை அடித்தால் பிடுங்க முடி இருக்காது, அதனால் சில மாதம் வீட்டில் நிம்மதி. விரலுக்குப் பிடிபடும் நீளம் வளர்ந்ததும் கை திரும்பப் போகும். சிலருக்கு அதற்குள்ளேயே புருவத்துக்கும் இமைக்கும் இறங்கிவிடும். மொட்டை முடியை எடுக்கிறது, அந்த உந்துதலை எடுக்கவில்லை.

முடியைக் குட்டையாக வெட்டுவதோ மொட்டையோ, அந்தப் பிள்ளையே கேட்டால் செய்யுங்கள். சிகிச்சையோடு சேர்ந்து சிலருக்கு உதவும். "பிடுங்குறியா? இரு, மொத்தமா வழிச்சு விடறேன்" என்று தண்டனையாகச் செய்யாதீர்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணை அழ அழ மொட்டை அடித்து அடுத்த நாள் பள்ளிக்கு அனுப்புவது வேண்டுதல் ஆகாது.

11/
இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? மறைத்தால் ஆபத்து இருப்பதால்.

2020 ஜனவரியில் கோவையில் நடந்தது, செய்தித்தாள்களில் வந்தது. 13 வயதுப் பெண், ஏழாம் வகுப்பு. பல மாதமாக வயிற்று வலி. வி.ஜி.எம். மருத்துவமனை டாக்டர்கள் அறுவை சிகிச்சை செய்து வயிற்றிலிருந்து ஏறக்குறைய அரை கிலோ முடியையும், காலி ஷாம்பு பாக்கெட்டுகளையும் எடுத்தார்கள். நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்த துக்கத்தில் தொடங்கிய பழக்கம் என்று அப்போது செய்தி வந்தது.

அப்போது பலர் இதை 'விநோதச் செய்தி'யாகப் பகிர்ந்தார்கள். மறுபடி படியுங்கள். ஒரு குழந்தை துக்கத்தில் இருந்தது. அதைச் சொல்ல அதற்கு வழி தெரியவில்லை. வயிறு வலித்த பிறகுதான் நாம் பார்த்தோம்.

12/
முடி ஜீரணம் ஆகாது. வழுக்கலாக இருப்பதால் இரைப்பையின் மடிப்புகளில் சிக்கி, சாப்பாட்டோடு சேர்ந்து பந்தாக உருளும். சிலருக்கு அந்தப் பந்திலிருந்து வால் மாதிரி சிறுகுடல் வரை நீளும். நீளக் கூந்தல் இளவரசி கதையை வைத்து அதற்கு ராபன்சல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் குடல் அடைப்பு, துளை வரை போகக்கூடியது.

முடி பிடுங்கும் எல்லாரும் விழுங்குவதில்லை, சிலர்தான். ஆனால் இவை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்: அடிக்கடி வயிற்று வலி, வாந்தி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, எடை குறைவது, ரத்தசோகை, மேல் வயிற்றில் கட்டி மாதிரி தட்டுப்படுவது. டாக்டரிடம் "முடி வாயில் போடுவாள்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி தெரிந்தால் நோயைக் கண்டுபிடிப்பது பாதி முடிந்த மாதிரி. திட்டு வாங்கும் வீட்டில் அந்த வரி வெளியே வராது. என் கோபம் அதனால்தான்.

13/
சரி, தீர்வு. இதற்கு நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை ஒரு பயிற்சி. 1973இல் நேதன் அஸ்ரின், நன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்டது. 'பழக்கத்தைத் திருப்புவது' என்று வைத்துக்கொள்ளுங்கள். முறையாகச் சொல்லிக்கொடுக்க மனநல மருத்துவரோ உளவியலாளரோ வேண்டும். ஆனால் கூட்டம் நெரியும் அரசு ஓ.பி.யில் ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் அடிப்படையை வீடும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

14/
முதல் படி, கவனிப்பது. ஒரு சின்ன நோட்டு. எப்போது, எங்கே, எந்தக் கை, அதற்கு முன்னால் மனசு எப்படி இருந்தது. நான்கு விஷயம் மட்டும். எழுதுவது பிள்ளை. அம்மா அப்பா கேட்காமல் அந்த நோட்டைத் திறக்கக் கூடாது.

இரண்டு வாரத்தில் ஒரு வரைபடம் கிடைக்கும். "ராத்திரி ஒன்பது மணி, கணக்கு, இடது கை, பரீட்சை பயம்." எதிரி எந்த வாசல் வழியாக வருகிறான் என்று தெரிந்துவிடும்.

15/
இரண்டாம் படி, கைக்கு மாற்று வேலை. உந்துதல் வந்ததும் விரல்களை இறுக்கி மூடி, கையை உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு நிமிடம் அல்லது உந்துதல் இறங்கும் வரை பிடிக்க வேண்டும். அலை மாதிரி ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கும். ஏறும்போது "இது இறங்கவே இறங்காது" என்று தோன்றும். பயிற்சியில் கற்றுக்கொள்வது அந்த எண்ணம் பொய் என்பதைத்தான்.

படிக்கும்போது கையில் அழுத்துகிற பந்து, புளியங்கொட்டை, சோழி ஏதாவது இருக்கட்டும். டிவி பார்க்கும்போது ஸ்ரீரங்கத்து வீடுகளில் ஒரு சுலபமான வேலை உண்டு, பூத்தொடுப்பது. இரண்டு கைக்கும் வேலை, விரல் நுனிக்கும் தீனி.

16/
மூன்றாம் படி, வாசலை அடைப்பது. அந்த நேரத்தில் தலையில் துண்டோ துணித் தொப்பியோ. பிடுங்கும் விரல் நுனியில் பிளாஸ்திரி. புருவம் பிடுங்குகிறவர்கள் வீட்டில் ட்வீசர் வேண்டாம். பாத்ரூம் கண்ணாடி முன்னால் அதிக நேரம் என்றால், அங்கே வெளிச்சத்தைக் குறையுங்கள். தனி அறையில் படிப்பதற்குப் பதில் ஹாலில் படிக்கட்டும்.

நான்காம் படி, வீட்டு ஆதரவு. காவலாளி வேலை பார்க்காதீர்கள். "உன் கை மேல போறப்ப நான் எப்படி ஞாபகப்படுத்தட்டும்?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். தோளைத் தொடுவது, தண்ணீர் டம்ளரை நீட்டுவது என்று ஒரு ரகசியக் குறி வைத்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர்கள் முன்னால் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

17/
தினமும் முடியை அளந்து பார்க்காதீர்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். திட்டு மூட மாதங்கள் ஆகும். "நேத்து பத்து தடவை, இன்னைக்கு ஆறு" என்பதுதான் முன்னேற்றம். நடுவில் ஒரு கெட்ட வாரம் வரும். பரீட்சை வாரம், துக்க வீடு, மாதவிலக்கு நேரம் ஏதாவது. அன்று திரும்பப் பிடுங்கியதால் பூஜ்யத்துக்குப் போய்விட்டதாக அர்த்தம் இல்லை.

ஆனால் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் பிடுங்கினால் வேர் நிரந்தரமாகச் சேதமாகலாம். அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்கிறேன்.

18/
"மாத்திரை இருக்கா டாக்டர்?" இதற்கென்றே முத்திரை குத்திய மாத்திரை கிடையாது. என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற மருந்தை 2009இல் 50 பெரியவர்களிடம் 12 வாரம் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் பாதிக்கு மேல் நல்ல முன்னேற்றம், போலி மாத்திரை எடுத்தவர்களில் ஆறில் ஒருவர் அளவுக்குத்தான். ஆனால் 2013இல் வந்த குழந்தைகள் ஆய்வில் போலி மாத்திரைக்கும் இதற்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம். அதை மனநல மருத்துவர் முடிவு செய்வார்.

19/
ஆசிரியர்களுக்கு: வகுப்பில் ஒரு பெண் ரெட்டை ஜடை போட முடியாமல் ஸ்கார்ஃபோடு வந்தால், காரணத்தை வகுப்பறையில் கேட்காதீர்கள். ஒழுங்குமுறையில் அவளுக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுங்கள். உங்களுக்கு அது சின்ன விஷயம். அவள் பள்ளிக்கு வருவதா வேண்டாமா என்பதே அதில்தான் இருக்கலாம்.

பார்லர், சலூன் நண்பர்களுக்கு: திட்டை முதலில் பார்ப்பது பல நேரம் நீங்கள்தான். "ஐயோ என்னம்மா இது!" என்று சத்தம் போடாதீர்கள். "இதுக்கு வைத்தியம் இருக்கும்மா, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மெதுவாகச் சொன்னால் போதும்.

பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு: இந்த நோய் இருக்கும் பெண் சமைப்பாள், சம்பாதிப்பாள், குடும்பம் நடத்துவாள், உங்களை விட நன்றாகவே. அந்த முதல் நோயாளி ஓர் ஆண் என்று சொன்னேனே, மாப்பிள்ளை வீட்டார் அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

20/
எங்கே போவது? திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் தோல் பிரிவும் உண்டு, மனநலப் பிரிவும் உண்டு. திட்டு எதனால் என்று தோல் டாக்டர் உறுதி செய்வார், அடுத்தது மனநலப் பிரிவு. ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் காட்டிப் பரிந்துரை வாங்கிக்கொண்டு போகலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416க்கு போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

மனநலப் பிரிவு என்ற போர்டைப் பார்த்துத் திரும்பிப் போகாதீர்கள். பல் வலித்தால் பல் பிரிவுக்குப் போகிறோம். அதே மாதிரிதான் இதுவும்.

21/
கடைசியாக, இதைத் தனியாகப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு. உங்கள் மண்டைக்குள் நடப்பது உங்கள் குணக்கேடு இல்லை. 130 வருடங்களுக்கு மேலாகப் பெயர் உள்ள ஒரு நோய். உங்களுக்கு முன்னால் லட்சக்கணக்கானவர்கள் இதோடு படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், வாழ்ந்தார்கள். நாளைக்கே நிறுத்தணும் என்று சத்தியம் எல்லாம் வேண்டாம். நாளைக்கு ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். அம்மா, அக்கா, டீச்சர், டாக்டர், 14416, யாராவது ஒருவர். "எனக்கு இப்படி இருக்கு." இந்த மூன்று வார்த்தை போதும்.

அப்படி யாராவது உங்களிடம் வந்து சொன்னால், தயவுசெய்து முதலில் அவர்கள் தலையைப் பார்க்காதீர்கள். முகத்தைப் பாருங்கள்.

உங்கள் ஏரியா பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்புகளுக்கு அனுப்புங்கள்.